பள்ளி பேண்டு நடத்துகிறேன். இன்ஸ்ட்ருமென்டல் கண்டக்டிங்கில் டாக்டர் பட்டம் படிக்க அமெரிக்கா போகலாமா?

சிங்கப்பூரில் இரண்டு உயர்நிலைப் பள்ளிகளில் பேண்டு பயிற்றுநர், முப்பதைத் தாண்டிய வயது, கையில் முதுநிலைப் பட்டம், வீட்டில் முணுமுணுப்பு. உங்கள் கேள்வியில் இவ்வளவும் இல்லை. நான் கிளம்பியபோது இப்படித்தான் இருந்தேன் என்பதால் நீங்களும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்கிறேன். கண்டக்டிங் என்றால் எதிரே நின்று கையசைத்து வாத்தியக் குழுவை நடத்துவது. பஸ் கண்டக்டர் நகைச்சுவையோடு வருகிறவர்கள் சிரமப்பட வேண்டாம். 'எந்த வழித்தடம்?' என்று என் சித்தப்பா 2012லேயே கேட்டுவிட்டார்.

போகலாம். ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துப் போகாதீர்கள், நிமிடங்களைப் பார்த்துப் போங்கள்.

பியானோ படிப்பவருக்கு வீட்டில் பியானோ இருக்கும். நான் என் யூஃபோனியம் என்ற பித்தளைக் கருவியை வீவக அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையிலேயே ஊதிப் பழகியவன். கீழ்வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கியதோடு சரி. கண்டக்டிங் படிப்பவனுக்குக் கருவி என்பது எதிரே உட்காரும் ஐம்பது பேர். அந்த ஐம்பது பேரை வாரத்துக்கு எத்தனை நிமிடம் உங்கள் கையில் விடுவார்கள்? நேர்காணலில் கூச்சப்படாமல் கேளுங்கள். அமெரிக்காவின் மத்திய மேற்கில் நான் படித்த இடத்தில் முதல் பருவத்தில் எனக்குக் கிடைத்தது வாரத்துக்கு 20 நிமிடம். அதிலும் சில வாரங்கள் கச்சேரி நெருக்கடியில் போயின. சட்டைப்பை நோட்டில் குறித்து வைத்துக் கூட்டிப் பார்த்தேன்: பருவம் முழுவதற்கும் நான்கு மணி பத்து நிமிடம்.

மிச்ச நேரத்தில் நாற்காலி தூக்கினேன். மிகைப்படுத்தவில்லை. இந்தப் படிப்பில் பல இடங்களில் ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவரைத்தான் எடுப்பார்கள். எடுத்தால் பெரும்பாலும் உதவியாளர் பணியும் உண்டு. கட்டணம் தள்ளுபடி, கைச்செலவுக்கு ஒரு தொகை. பதிலுக்கு நூலகத்தில் இசைத்தாள் அடுக்குவது, டிம்பனி முரசை மின்தூக்கியில் ஏற்றுவது, இலையுதிர் காலம் முழுவதும் மார்ச்சிங் பேண்டு. ஐந்து கெஜத்துக்கு எட்டு எட்டு வீதம் பிள்ளைகள் வைக்கும் காலடியைச் சரிபார்த்துக்கொண்டு நவம்பர் குளிரில் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் நின்றேன். மாணவர் விசாவில், பருவம் நடக்கும்போது, வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பது சட்டம். அந்த 20 மணி நேரத்தில் எவ்வளவு கனம் தூக்கலாம் என்பதற்குத்தான் சட்டம் இல்லை.

சரி, நான்கு மணி நேரத்தில் என்ன கற்றேன்? ஒரு நாளை மட்டும் சொல்கிறேன்.

மொசார்ட்டின் 13 கருவிகளுக்கான செரினேட், கிரான் பார்ட்டிட்டா. அதில் நான்கு ஹார்ன்கள். முதல் இரண்டும் எஃப், அடுத்த இரண்டும் பி ஃபிளாட். தாளில் இரு வகைக்கும் ஸி என்ற ஸ்வரத்தையே எழுதியிருந்தாலும் ஒருவருக்கு எஃப் ஒலிக்கும், மற்றவருக்கு பி ஃபிளாட். இதை நான் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பலகையில் எழுதிப் பாடமே நடத்தியிருக்கிறேன். அன்று ஓரிடத்தில் நிறுத்தி, மூன்றாவது ஹார்ன் வாசித்த பெண்ணைப் பார்த்து, 'அது எஃப் அல்லவா வர வேண்டும்?' என்றேன். அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். 'நீங்கள் மேல் வரியைப் படிக்கிறீர்கள்' என்றாள். மேல் வரி எஃப் ஹார்ன்களுடையது, அவளுடையது பி ஃபிளாட். இளநிலை இரண்டாம் ஆண்டு, பத்தொன்பது வயது இருக்கும். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. ஓபோக்காரர் தன் ரீடை, நம்மூர்ச் சீவாளி மாதிரியானதை, வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டே கூரையைப் பார்த்தார். 'மன்னிக்கவும், என் தவறு' என்று சொல்லி முடிக்க இரண்டு விநாடிதான். அதற்குப் பதிலாக ஸ்கோரை, அதாவது எல்லாருடைய வரிகளும் சேர்ந்த இசைத்தாளை, புரட்டி எதையோ தேடுகிறவன் போல அரை நிமிடம் நடித்தேன். 20 நிமிடத்தில் அரை நிமிடம்!

பேராசிரியர் அந்தத் தவறைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒத்திகையின் காணொளியைப் போட்டு, அந்த நடிப்பை மட்டும் மூன்று முறை ஓட்டிக் காட்டினார். ஊரில் பதினொரு ஆண்டு பேண்டு நடத்தியிருக்கிறேன். எந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் என்னைத் திருத்தியதில்லை. நான் சரியாக இருந்ததால் அல்ல என்பது அன்றுதான் புரிந்தது.

இங்கே ஒருவர் வருவார்: 'பெரிய கண்டக்டர்கள் எல்லாம் பட்டம் வாங்கியா வந்தார்கள்? இத்தாலியக் கண்டக்டர் டாஸ்கனினி 1886ல் ரியோவில் செல்லோ வரிசையிலிருந்து எழுந்து வந்து, 19 வயதில் மனப்பாடமாக ஐடா ஓபராவை நடத்தவில்லையா?' நடத்தினார். அந்த இரவில் ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ரா கண்டக்டர் இல்லாமல் காத்திருந்தது. உங்கள் பேட்டையில் அப்படி ஏதாவது காத்திருந்தால் தாராளமாக எழுந்து போங்கள். படிக்காதவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனக்கு முதலில் பேட்டன் என்ற கண்டக்டர் கோலைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் ராணுவ பேண்டில் ஓய்வு பெற்றவர், பட்டம் எதுவும் இல்லை, காது மட்டும் கத்தி.

படிப்பின் மற்ற சடங்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேடைக் கச்சேரிகள், ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை, நடுவில் விரிவான தேர்வு. தேர்வில் தலைப்பில்லாத ஸ்கோர் பக்கம் ஒன்றை நீட்டி, யாருடையது, எந்தக் காலம், ஏன் என்பார்கள். இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் 1909ல் ராணுவ பேண்டுக்கு எழுதிய 'முதல் சூட்', கிரெய்ஞ்சர் 1937ல் எழுதிய 'லிங்கன்ஷயர் போஸி' எல்லாம் தூக்கத்திலும் தெரிய வேண்டும். 1952ல் கண்டக்டர் ஃபிரெடெரிக் ஃபென்னல் ஈஸ்ட்மன் இசைக் கல்லூரியில் ஒரு பகுதிக்கு ஒருவர் என்று காற்றுக் கருவிக் குழுவை ஏன் சுருக்கினார் என்று மட்டும் நான் நாற்பது நிமிடம் பேசினேன். பேசத் தெரிந்தவனுக்கு அந்தத் தேர்வு பெரிய கஷ்டமில்லை.

பெரிய கஷ்டம் என் பெயர். அடையாள அட்டையில் எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் 'எஸ்/ஓ' இருக்கிறது. அவர்களுடைய கணினிக்குச் சாய்கோடு பிடிக்காது. விழுங்கிவிட்டது. விளைவு: 'ஸோ' என் நடுப்பெயர் ஆனது, அப்பாவின் பெயர் குடும்பப் பெயர் ஆனது. அது கொரியப் பெயரா என்று கேட்டார்கள். பதிவு அலுவலகத்துக்கு ஆறு முறை போனேன். கடவுச்சீட்டில் இப்படித்தானே இருக்கிறது என்று ஆறு முறையும் ஒரே பதில். மூன்று கச்சேரிகளின் நிகழ்ச்சித் தாளிலும் 'ஸோ' இருக்கிறது. இசை வேண்டாம், பொறியியல் படி என்று கடைசி வரை சொன்னவர் என் அப்பா. இன்று டாக்டர் என்று யாராவது அழைத்தால் அது அவருடைய பெயருக்கு முன்னால்தான். சாய்கோட்டை விழுங்கும் கணினியை எழுதியதும் ஒரு பொறியாளர்தான், அது வேறு.

பணம் பற்றிக் கேட்பீர்கள். அங்கே கல்லூரியில் பேண்டு இயக்குநர் வேலைக்குப் பெரும்பாலும் இந்தப் பட்டத்தை எதிர்பார்ப்பார்கள். நான் ஊர் திரும்பினேன். என் மணிக்கூலி ஒரு வெள்ளிகூட ஏறவில்லை. புலம்பவில்லை, கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

இனி வேலையைத் தொடங்குங்கள். பல இடங்களில் டிசம்பரில் விண்ணப்பம் மூடிவிடும். முதல் சுற்றில் காணொளி கேட்பார்கள்; கச்சேரி மட்டும் போதாது, ஒத்திகையும் வேண்டும். கேமரா தாளக் கருவிகளுக்குப் பின்னால் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கட்டும். பிள்ளைகள் இருக்கும் அறை என்பதால் பள்ளியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். அனுப்பும் முன் ஒலியை அணைத்துவிட்டு, இசை தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். நான் அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காயப்போடுகிற மாதிரி இருக்கிறது' என்றார். மறுநாள் மறுபடி எடுத்தேன்.