உப்புத்தண்ணீர் மீன் தொட்டிக்குக் கசூரினா மணலைப் போடலாமா?

இரண்டடித் தொட்டியில் கோமாளி மீன் வளர்க்கப் போகிறீர்கள், சுற்றிவரக் கடல் இருக்கும்போது மணலை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்கத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்தின் கசூரினாக் கடற்கரையிலோ சாட்டிக் கடற்கரையிலோ ஈரமணலை அள்ளினால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ உயிர்களும் சேர்ந்து வரும். வாளிக்குள் அவை செத்து அழுகினால் தொட்டியில் அமோனியா ஏறும். கரை மணலை அள்ளச் சட்டத்திலும் கட்டுப்பாடு இருக்கிறது. வடமராட்சியின் மணற்காட்டுப் பக்கம் மணற்குன்றுகள்தான் கரைக்குக் காவல். ஒரு வாளிதானே என்று தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

அம்பன், வல்லிபுரம் பக்கத்து வெள்ளை மணல் சிலிக்கா, கண்ணாடி செய்ய உதவுவது. மீனுக்கு அதனால் கெடுதல் இல்லை, ஆனால் சுண்ணாம்பு கிடையாது. நான் வாங்கச் சொல்வது அரகோனைட் மணல். முருகைக்கல் எதனால் ஆனதோ அதே கால்சியம் கார்பனேட்தான் இது. கடையில் இரண்டும் வெள்ளையாகவே இருக்கும். அதனால் ஒரு சிட்டிகை கேட்டு வாங்கி, காயவைத்து, ஒரு கண்ணாடிக் குவளையில் போட்டு மேலே வினாகிரி விட்டுப் பாருங்கள். சுண்ணாம்பு மணல் என்றால் உடனே பொருபொருவென்று குமிழி கிளம்பும். சிலிக்கா அசையாமல் கிடக்கும்.

அரகோனைட் போட்டால் பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) தானாக 8.2இல் நிற்கும் என்று சொல்வார்கள். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். பிஎச் 8க்கும் நன்றாகக் கீழே போனால்தான் அது கரையவே தொடங்கும். பிஎச்சைச் சரியவிடாமல் தாங்கும் காரத்தன்மையை நீங்கள்தான் அளந்து பார்க்க வேண்டும்.

மணியின் அளவுதான் பிறகு உங்களைப் படுத்தும். மிக நுண்ணிய மணல் பம்ப் ஓட்டத்தில் கிளம்பித் தொட்டிக்குள் வைக்கும் பாறையெல்லாம் படியும். பெரிய முருகைக்கல் துண்டுகளின் இடுக்கில் சாப்பாடும் எச்சமும் தங்கி நைட்ரேட் ஏறும். அரையிலிருந்து ஒன்றரை மில்லிமீற்றர் வரை நல்லது. உயரம் 3 சென்ரிமீற்றர் போதும். 60க்கு 30 சென்ரிமீற்றர் அடித்தளத்துக்கு ஏழெட்டுக் கிலோ வரும்.

கழுவும்போது ஒரு விஷயம். தோட்ட நிலங்களை ஒட்டிய நம் கிணறுகளில் பசளையால் நைட்ரேட் கூடுதலாக இருக்கும். கலங்கல் போகும்வரை கிணற்றுத் தண்ணீரில் அலசலாம், ஆனால் கடைசி அலசல் ஆர்ஓ (சவ்வு வடிகட்டியில் சுத்திகரித்த) தண்ணீரில்தான். அப்புறம் பாறையை முதலில் தொட்டியின் அடியில் நேராக வைத்துவிட்டு, அதைச் சுற்றி மணலைப் போடுங்கள். மணலின் மேல் பாறையை வைத்தால், மீனோ இறாலோ கீழே தோண்டும்போது சரிந்து கண்ணாடி உடையலாம்.

முதல் வாரங்களில் மணலின் மேல் மண்ணிறப் படலம் வரும். அது டயட்டம் பாசி, தானாகப் போய்விடும். அதற்காக மணலை மாற்ற வேண்டாம்.