வால்வு ஆம்பில் ஒரு வால்வு மட்டும் சிவந்தால்

பழைய 15 வாட் வால்வு கிட்டார் ஆம்ப், பத்து நிமிடம் வாசித்ததும் ஒலி மங்கிக் கரகரக்கிறது, பின்னால் இருக்கும் இரண்டு ஈஎல்84 அவுட்புட் வால்வுகளில் ஒன்று மட்டும் சிவக்கிறது, புது வால்வு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்காதீர்கள். முதலில் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லாமல் ஒரு ஜோடியின் காசு போனது.

களியக்காவிளைப் பக்கம் எங்கள் ஊர். சர்ச் பாட்டுக்குழுவுக்கு வாசிக்கிறேன். கிறிஸ்துமஸ் பயிற்சியில் இதே கோளாறு வந்தது. கடையில் "வால்வு போச்சு" என்றார்கள். புது ஜோடி போட்டேன். இரண்டே வாரத்தில் அதிலும் ஒன்று சிவந்தது. அப்புறம்தான் பாறசாலையில் வால்வு ரேடியோ காலத்து ஆசான் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் மீட்டரைத் தொடவே இல்லை. கடை விளக்கை அணைத்துவிட்டு ஆம்பைப் போட்டார். வால்வின் நடுவில் ஆரஞ்சாகத் தெரிவது ஹீட்டர், அது எரியத்தான் வேண்டும். கண்ணாடியில் ஒட்டினாற்போல் நீலம் தெரிந்தாலும் பெரும்பாலும் பயமில்லை. வெளிப்பக்கச் சாம்பல் நிறத் தகடு சிவந்தால்தான் ஆபத்து; உடனே அணைக்க வேண்டும். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, வால்வுகளை மாற்றிச் செருகினார். இந்த முறை மற்ற வால்வு சிவந்தது, ஆனால் அதே சாக்கெட்டில்.

"மோனே, வால்வுக்கு ஒரு கேடும் இல்ல. அது இருக்கிற இடம் கேடு."

அதற்குப் பிறகுதான் மீட்டர். ஈஎல்84-இன் இரண்டாம் பின் கிரிட், அதாவது வால்வில் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்தும் முனை. எங்கள் ஆம்ப் கேத்தோடு பயாஸ் வகை (கிரிட்டுக்குத் தனியாக நெகட்டிவ் வோல்ட் தராத வகை) என்பதால் அங்கே டிசி 0 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 7 வோல்ட் பாசிட்டிவ் காட்டியது. வால்வைப் பிடுங்கிவிட்டு அளந்தபோதும் அந்த வோல்ட் போகவில்லை. அப்படியென்றால் குற்றவாளி முந்தைய கட்டத்திலிருந்து வரும் கப்ளிங் கண்டன்சர். டிசியைத் தடுத்து கிட்டார் சிக்னலை மட்டும் விடுவது அதன் வேலை. அது கசிந்தால் கிரிட் பாசிட்டிவாகி, வால்வில் கரண்ட் ஏறி, தகடு சிவக்கும். 630 வோல்ட் தாங்கும் புதுக் கண்டன்சர் இரண்டு போட்டார். வால்வு ஜோடி விலையோடு பார்த்தால் அது சாயாக் காசு. பிடுங்கிய பிறகு வோல்ட் மறைந்திருந்தால் வால்வைச் சந்தேகப்படலாம். கிரிட்டுக்குத் தனியாக நெகட்டிவ் வோல்ட் தரும் ஃபிக்ஸ்டு பயாஸ் ஆம்பில் கிரிட் நெகட்டிவில் நிற்கும், அங்கே இந்த 0 கணக்கு செல்லாது.

ஆனால் ஒன்று: உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டன்சர்களில் அது தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வைத்து வடித்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். பழக்கம் இல்லையென்றால் பெட்டியைத் திறக்காமல், வால்வு ரேடியோ தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு ஆம்பைப் போட்டுப் பார்ப்பதும் வேண்டாம். அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும், அதன் விலை வேறு கதை.

இன்னொரு எச்சரிக்கை: ஆம்பில் வரும் 'ங்' என்ற இரைச்சலுக்குச் சிலர் பிளக்கின் எர்த் பின்னையே உடைத்துவிடுகிறார்கள். எங்கள் குழுவிலும் ஒருவர் செய்தார். கிட்டார் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டு ஷாக் வாங்கினார். ஆம்பையும் மிக்சரையும் ஒரே பிளக் பாயிண்டில் போட்டதும் அந்த இரைச்சல் அடங்கியது.

இடம் மாற்றியதும் எது சிவக்கிறது என்று சொல்லுங்கள். யாராவது அளந்து தந்தால், இரண்டு சாக்கெட்டின் இரண்டாம் பின் அளவையும் சேர்த்து எழுதுங்கள்.