தினமும் என்னையே விசாரிக்கிறேன், இது தவறா?

கேள்வி: ஒவ்வோர் இரவும் அன்றைய நடத்தையை எண்ணிப் பார்ப்பேன். கூட்டங்களில் நான் வாய் திறக்காததை நினைத்து நினைத்து, நான் ஒரு கோழை என்ற முடிவுக்கே வந்துவிட்டேன். இந்தப் பழக்கத்தை விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம், கேட்கும் கேள்வியை மட்டும் மாற்றுங்கள். “நான் ஏன் இப்படி?” என்று கேட்டால் மனம் விடை தெரியாமல் நிற்பதில்லை, கைக்கெட்டிய ஒரு காரணத்தை உறுதியாகச் சொல்லிவிடும். நிஸ்பெட், வில்சன் என்ற உளவியலாளர்கள் 1977-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரியான 4 ஜோடி காலுறைகளை வரிசையாக வைத்துச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, வலக்கோடியில் இருந்ததையே அதிகம் பேர் தேர்ந்தெடுத்தனர். ஆயினும் காரணம் கேட்டபோது, அது இருந்த இடத்தை ஒருவர்கூடத் தாமாகக் குறிப்பிடவில்லை.

உங்கள் மௌனத்துக்கும் களைப்போ, பேசப்பட்ட பொருளில் தெளிவின்மையோ, எதிரில் இருந்தவரின் கடுமையோ காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் “கோழை” என்ற ஒரே விளக்கத்தை இரவுதோறும் நீங்களே உறுதிப்படுத்துவதால், அது ஒரு நாளின் செயலைப் பற்றிய கருத்தாக இல்லாமல் உங்கள் இயல்பாகவே தோன்றத் தொடங்குகிறது; அடுத்த கூட்டத்தில் அந்த இயல்புக்கு ஏற்பவே நடந்துகொள்கிறீர்கள். நம்மைப் பார்க்கும் விதம் நம்மை உருவாக்கவும் செய்கிறது என்பதே இதில் எனக்கு மிகவும் கவலை தருவது.

அறியும் ஆர்வத்தால் தன்னைப் பார்ப்பதையும், அச்சத்தால் பழையதையே அசைபோடுவதையும் டிராப்னெல், கேம்ப்பெல் என்ற உளவியலாளர்கள் 1999-இல் தனித்தனியே அளந்து காட்டினர். அசைபோடுவது மனச்சோர்வை நீட்டிக்கிறது என்பதை உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமாவின் ஆய்வுகள் விளக்கின. உங்கள் கடிதத்தில் நான் காண்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

ஆகவே எண்ணுவதற்குப் பதிலாக எழுதுங்கள். என்ன பேச நினைத்தீர்கள், எந்தக் கணத்தில் தயங்கினீர்கள், அப்போது யார் என்ன சொன்னார் என்பவற்றை மட்டும், “நான்” என்னாமல் உங்கள் பெயரைச் சொல்லி, வேறொருவரைப் பற்றி எழுதுவதுபோல எழுதுங்கள். இவ்வாறு சற்று விலகி நின்று பார்ப்பது மனக்கொந்தளிப்பைக் குறைப்பதாக உளவியலாளர் ஈதன் கிராஸும் அவருடைய குழுவினரும் கண்டுள்ளனர். நீங்கள் பேசிய நாள்களையும் விடாமல் குறியுங்கள். குற்றம் தேடும் மனம் அவற்றைத் தாண்டிச் சென்றுவிடும். உடன் இருந்த ஒருவரிடம் அந்தக் கூட்டம் எப்படித் தோன்றியது என்றும் கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பின்னும் உறக்கம் கெட்டு, இரண்டு வாரங்களுக்கு மேல் மனம் சோர்ந்தே இருந்தால், மனநல மருத்துவர் ஒருவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.