குறைமாதப் பிள்ளையின் கண்: வாசகர் கேள்விகள்

31ஆம் கிழமையில் பிறந்த பிள்ளை, 1,400 கிராம். வீட்டுக்கு வந்துவிட்டோம். கண் கிளினிக் திகதி 28ஆம் நாளில் வருகிறது. துடக்குக் கழியாமல் வெளியே கொண்டுபோகக் கூடாது என்கிறார் மாமி. ஒரு கிழமை தள்ளலாமா? (வாகரை)

தள்ள வேண்டாம். விழித்திரையின் இரத்தக்குழாய்கள் கர்ப்பத்தின் 16ஆம் கிழமையளவில் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வளரத் தொடங்கி, ஏறக்குறைய 40ஆம் கிழமையில்தான் முழுவதும் எட்டும். உங்கள் பிள்ளைக்கு அந்த மீதி வளர்ச்சி வயிற்றுக்கு வெளியே நடக்கிறது. அது பிசகினால் குழாய்கள் தாறுமாறாக முளைத்து, தழும்பாகி, விழித்திரையையே இழுத்துக் கழற்றிவிடும். இதைத்தான் குறைமாத விழித்திரை நோய் (ROP) என்கிறோம். முதற் பரிசோதனையைப் பிறந்து நாலாம் கிழமையளவில் வைப்பது இதற்காகத்தான். சிகிச்சை தேவை என்று கண்டால் 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் செய்துவிடப் பார்ப்போம். அப்படியான நோயில் ஒரு கிழமை பெரிய காலம். மாமியிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: பிறந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரியிலேயே கிடந்த பிள்ளைதானே, இன்னொரு தரம் போனால் துடக்கு கூடிவிடுமா?

டோர்ச் அடித்தால் கண்ணைச் சுருக்குகிறாள். பார்வை இருக்கிறதுதானே? (களுவாஞ்சிகுடி)

வெளிச்சம் தெரிகிறது, அவ்வளவுதான். நோய் தொடங்குவது விழித்திரையின் ஓரத்தில்; வெளியே சிவப்பும் இல்லை, பீளையும் இல்லை. கருவிழிக்குள் வெள்ளை தெரிகிறதென்று தூக்கி வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் விட்டுப்போகும். அது பெரும்பாலும் பிந்திய கட்டம்.

பரிசோதனையில் பிள்ளைக்கு நோகுமா? (திருக்கோவில்)

கொஞ்சம் அழும், பொய் சொல்லமாட்டேன். கண்மணி விரியச் சொட்டு மருந்து விட்டு, விறைக்க இன்னொரு சொட்டு விட்டு, சின்னக் கம்பிக் கருவியால் இமையை விலக்கி, தலையில் மாட்டிய விளக்கால் பார்ப்போம். சில நிமிட வேலை. துணியால் இறுக்கச் சுற்றி, நாக்கில் ஒரு துளி தாய்ப்பாலோ சீனித் தண்ணீரோ வைத்தால் பாதி அழுகை அடங்கும், தாதியே வைப்பார். வாந்தி வராமலிருக்க, பால் கொடுத்த உடனே கொண்டுவராதீர்கள். ஒரு தரம் நல்லதென்றதும் நின்றுவிடாமல், போதும் என்று வைத்தியர் சொல்லும்வரை ஒன்றிரண்டு கிழமைக்கொரு தடவை வரவேண்டியிருக்கும்.

ஒட்சிசன் வைத்ததால் வந்தது என்கிறார்களே? (கல்முனை)

பாதி உண்மை. 1940களில் இன்கியூபேட்டரில் கணக்கில்லாமல் ஒட்சிசன் விட்டதால் ஏராளமான பிள்ளைகள் பார்வை இழந்தார்கள். 1951இல் அவுஸ்திரேலிய வைத்தியர் கேட் கேம்பல்தான் அந்தத் தொடர்பை எழுதிக் காட்டினார். பிறகு ஒட்சிசனை அளவுக்கு மீறிக் குறைத்ததில் உயிர்கள் போயின. அதனால்தான் இப்போது காலிலோ கையிலோ சிவப்பு விளக்குக் கருவியைக் கட்டி அளந்து கொடுக்கிறார்கள். ஒட்சிசன் இல்லாவிட்டால் பிள்ளையே இல்லை. வார்டில் யாரையும் கோபிக்காதீர்கள்.

லேசர் செய்தாயிற்று. இனிப் பயமில்லையா? (வாழைச்சேனை)

லேசர் ஓரத்தைச் சுட்டு நடுப்பார்வையைக் காப்பாற்றுகிறது. பெரும் ஆபத்து குறைந்துவிட்டது. ஆனால் கிட்டப்பார்வை, மாறுகண், சோம்பற்கண் (ஒரு கண்ணின் பார்வை மழுங்கிப்போவது) பின்னாளில் வரலாம். கண்ணாடி சிறு வயதிலேயே தேவைப்படலாம். லேசருக்குப் பதில் கண்ணுக்குள் ஊசி போட்ட பிள்ளை என்றால் இன்னும் நீண்ட நாள் பார்க்க வேண்டும், நோய் திரும்புவதுண்டு.

கண்ணில் தாய்ப்பால் விடலாமா? (பொத்துவில்)

வாயில் விடுங்கள்.