கணவருக்கு பைபோலார். எனக்கென்று ஒரு ஆலோசகரை எப்படித் தேடுவது?

கணவருக்கு மூன்று வருடமாக பைபோலார் (மனம் அளவு மீறிய உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகிற நோய்), டாக்டர் பார்க்கிறார், மாத்திரையும் போடுகிறார், ஆனால் எனக்கு வாய்விட்டுப் பேச ஆளில்லை, அவருடைய டாக்டரிடமே பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம், வேறு ஆளைப் பாருங்கள். என் கணவருக்கும் இதே நோய்தான், 11 வருடமாக. எனக்கென்று ஒருவரைத் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே ஏழு வருடம் ஆகிவிட்டது. நீங்கள் மூன்றாவது வருடத்திலேயே கேட்கிறீர்கள், அதுவே நல்லது.

என் கணவரின் டாக்டர் நல்ல மனுஷி. ஆனால் எங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம். தூக்கம், மாத்திரை, ரத்தத்தில் லித்தியம் என்கிற மருந்தின் அளவு, தைராய்டு, கிட்னி ரிப்போர்ட் என்று அதற்கே நேரம் சரியாகிவிடும். அதற்குள் என் அழுகையையும் நுழைத்தால் கணவரின் வைத்தியம்தான் கெடும். அதோடு, அவர் மனம் திறக்கிற ஒரே அறை அது. அங்கே நானும் போய் அவரைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தால் அந்த அறை அவருக்கு இல்லாமல் போய்விடும். தூங்கவில்லை, மாத்திரையைத் துப்புகிறார் என்பதையெல்லாம் அந்த டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். உங்கள் பாரத்தை வேறு இடத்தில் இறக்குங்கள்.

யாரிடம் என்பதில் நான் சூடுபட்டவள். ‘கவுன்சிலிங் சென்டர்’ என்று போர்டு பார்த்து ஒருவரிடம் போனேன். இரண்டாவது தடவையே, “மாத்திரையெல்லாம் மெல்ல மெல்லக் குறைச்சிடலாம்மா, தியானமே போதும்” என்றார். நானும் நம்பி வீட்டில் வந்து சொன்னேன். ஆறே வாரத்தில் என் கணவரின் தூக்கம் மூன்று மணி நேரமாகச் சுருங்கியது. கடன் வாங்கி டிராவல்ஸ் தொடங்கப் போகிறேன் என்று நின்றார். அந்தக் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அதனால் படிப்பைக் கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர், எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் மனநலத்தில் எம்.டி. அல்லது டி.பி.எம். என்ற டிப்ளமோ படித்தவர். பேச்சு வழியில் சிகிச்சை தருபவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். அவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். மனநலத் துறையில் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களும் இருக்கிறார்கள். குடும்பத்தாரோடு பேசுவது அவர்களுடைய முக்கியமான வேலை என்பதால் அவர்களை விட்டுவிடாதீர்கள். போனிலேயே ஒன்று கேட்டுவிடுங்கள்: “பைபோலார் மாதிரி நோய் உள்ளவர்களின் மனைவி, கணவர் யாரோடாவது வேலை செய்திருக்கிறீர்களா?” பதில் மழுப்பலாக வந்தால் அடுத்தவர். முதல் நாளே “விட்டுட்டு வந்துடுங்க” என்பவரும் வேண்டாம், “அனுசரிச்சுப் போங்க” என்பவரும் வேண்டாம்.

இப்போது நான் பார்ப்பவர் முதல் நாள் என்னிடம் கேட்டது, “நீங்க நல்லாத் தூங்கி எவ்வளவு நாளாச்சு?” அன்று முழுக்க என்னைப் பற்றித்தான் பேச்சு. தினமும் மாத்திரை எண்ணி, போனைப் பார்த்து, நான் மனைவியா வார்டனா என்றே எனக்குத் தெரியாமல் போயிருந்தது. அதை நான் வாய்விட்டுச் சொன்னது அங்கேதான். அப்புறம் அவர் சொன்னபடி, கணவர் நன்றாக இருந்த ஒரு மாதத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். தூக்கம் எத்தனை மணிக்குக் கீழே போனால் டாக்டரைக் கூப்பிடுவது, எப்போது ஏ.டி.எம். கார்டு என் கைக்கு வருவது, யார் சொன்னால் அவர் கேட்பார். எழுதியதெல்லாம் கணவரின் கையெழுத்தில். அதை அவருடைய டாக்டரிடமும் காட்டினோம். அந்தத் தாள் வந்த பிறகு நான் அவரை உளவு பார்ப்பது பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

மாமியாரோடு இருந்த சண்டையும் அங்கேதான் தீர்ந்தது. மனநோய் தீரும் என்று நம்பி ஜனங்கள் போகிற குணசீலம் கோயிலில் மகனை ஒரு மண்டலம், 48 நாள் தங்க வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. நான் முடியவே முடியாது என்று நின்றேன். “மாத்திரையோட போனா உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?” என்று ஆலோசகர் கேட்டார். யோசித்தால், இல்லை. போனோம், மாத்திரை டப்பாவோடு.

பணம் இடித்தால் அரசு வழி இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, உங்கள் பெயரிலேயே ஓ.பி. சீட்டு போடலாம். சென்னை என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பும் அங்கே இருக்கிறது, குடும்பத்தாருக்கும் அவர்கள் வழிகாட்டுகிறார்கள். எந்த ஊராக இருந்தாலும் 14416, டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். 2022-இல் வந்தது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். நோயாளிக்கு மட்டுமானது என்று நினைத்துவிடாதீர்கள். நான் இராத்திரி இரண்டு மணிக்கு மொட்டை மாடியில் நின்று பேசியிருக்கிறேன்.

உங்கள் கணவர் சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே மருத்துவமனை. உங்களை அடித்தால் முதலில் உங்கள் பாதுகாப்பு, பெண்கள் உதவி எண் 181 அல்லது அவசர எண் 112. ஆலோசனையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கடைசியாக, அவரிடம் மறைக்காதீர்கள். நான் இரண்டு மாதம் தையல் வகுப்பு என்று பொய் சொல்லிப் போனேன். எந்நேரமும் வயிற்றைக் கலக்கியது. அவர் தெளிவாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, “எனக்குத் தூக்கமே வரலைங்க, அதுக்காக ஒருத்தரைப் பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டார். எண்ணூறு என்றேன். “சரி, பஸ்ல அலையாதே, நான் வண்டியில கொண்டுவந்து விடுறேன்” என்றார்.