கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குக் காலை ஷிஃப்டுக்கு பைக்கில் போகிறேன். குளிருக்கும் சாமான் வைக்கவும் என்னென்ன ஆக்சசரி வாங்கலாம்?

நீங்கள் கொடுத்திருக்கும் விவரம் இவ்வளவு: 125 சிசி வண்டி, ஓசூர் சிப்காட்டில் காலை ஆறு மணி ஷிஃப்ட், மாதம் ஒருமுறை மனைவியோடு தளிக்கு மாமனார் வீடு. கையில் ஐயாயிரம் ரூபாய். கிரிப் ஹீட்டர் (ஹேண்டில் பிடியைச் சூடாக்குவது) போடலாமா, சாமானுக்கு டாப் பாக்ஸா (சீட்டுக்குப் பின்னால் மாட்டும் பெட்டி) சைடு பேகா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிரிப் ஹீட்டர் வேண்டாம். சின்ன டாப் பாக்ஸ் வாங்குங்கள். ஏன் என்று விளக்குகிறேன். நான் தர்மபுரிக்காரன், இதே ரோட்டில் பல வருடம் இரண்டு சக்கரத்தில் போய் வந்தவன்.

லடாக் போகிறவர்களுக்காகப் போட்ட வீடியோக்களைப் பார்த்து நாம் பொருள் வாங்கினால் பாதிப் பணம் வீண். அவர்களுக்கு நாள் முழுக்கக் குளிர். நமக்கு அப்படி இல்லை. மார்கழி, தையில் ஓசூர்ப் பக்கம் விடிகாலை பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரிக்கு இறங்கும். அதே நாள் மதியம் ஷிஃப்ட் முடிந்து கிருஷ்ணகிரி இறங்கும்போது வெயில் மண்டையைப் பிளக்கும். காலையில் உடம்பில் போட்டிருந்த அத்தனையும் மதியம் சாமானாகிவிடும். ஆகையால் உங்கள் இரண்டு கேள்வியும் உண்மையில் ஒரே கேள்விதான். எதைப் போட்டுக்கொள்கிறீர்களோ, அதைக் கழற்றி எங்கே வைப்பீர்கள் என்பதையும் சேர்த்து யோசித்து வாங்க வேண்டும். மடித்தால் சுருங்காத தடிமனான ரைடிங் ஜாக்கெட் கடையில் பார்க்க ஜோராக இருக்கும்; மதியம் இரண்டரை மணிக்கு அதை என்ன செய்வது?

குளிர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம், ஓசூர் 900 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்ற பொதுக் கணக்கில், மேலுமலை ஏறி சூளகிரி தாண்டிப் போவதால் மட்டும் இரண்டு, இரண்டரை டிகிரி குறைகிறது. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. வேகம்தான் பெரிய விஷயம். வெளியே 10 டிகிரி இருக்கும்போது 60 கிலோமீட்டர் வேகக் காற்று தோலில் பட்டால் 5 டிகிரி போலத் தெரியும் என்பது வானிலைக்காரர்கள் போடும் கணக்கு. நின்றுகொண்டிருக்கும்போது தாங்கக்கூடிய குளிர், வண்டி கிளம்பியதும் எலும்புக்குள் இறங்குவது இதனால்தான். அதனால் கதகதப்பான துணியைத் தேடுவதற்கு முன்னால் காற்றை நிறுத்துங்கள்.

கம்பளி ஸ்வெட்டர் காற்றை நிறுத்தாது. பின்னலின் ஓட்டை வழியாக நேராக உள்ளே போகும். ஆனால் அதே ஸ்வெட்டருக்கு மேல் மழைக்கோட்டைப் போட்டுப் பாருங்கள், வேறு ஆளாகிவிடுவீர்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் மழைக்கோட்டு, பேண்ட்டோடு சேர்த்து, இந்த ரோட்டுக்குப் போதுமான குளிர்க் கவசம். புதிதாக வாங்குவதாக இருந்தால் நைலான் துணியில் வருவதை எடுங்கள். தடித்த ரெக்சின் மாதிரி இருப்பது வியர்வையை உள்ளேயே தேக்கி, ஒரு மணி நேரத்தில் பனியனை நனைத்துவிடும். ஈர பனியன் மேலும் குளிரும். உள்ளே பருத்தி பனியனுக்குப் பதில் விளையாட்டு டீ-ஷர்ட் வகைத் துணி இருந்தால் சீக்கிரம் காயும். மழைக்கோட்டுப் பேண்ட்டை யாரும் குளிருக்குப் போடுவதில்லை, ஏனோ. முட்டிதான் காற்றை நேராக வாங்குகிறது; வயது ஏற ஏற அது தெரியும். அந்தக் காலத்தில் பால் வண்டிக்காரர்கள் சட்டைக்குள் தினத்தாளை மடித்து நெஞ்சில் வைத்துக்கொண்டு போவார்கள். சிரிக்காதீர்கள், இன்றைக்கும் வேலை செய்யும்.

கழுத்துக்கு மஃப்ளர் வேண்டாம். நுனி அவிழ்ந்து பறந்தால் செயினிலோ சக்கரத்திலோ மாட்டும். குழாய் மாதிரி தலை வழியாக மாட்டும் துணி நூறு, நூற்றைம்பதுக்குக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். மங்கி கேப்பை ஹெல்மெட்டுக்குள் திணிப்பதும் சரியில்லை. ஹெல்மெட் சரியாக உட்காராது, பின்னால் வரும் லாரியின் ஹாரனும் மந்தமாகக் கேட்கும். மெல்லிய துணியில் வரும் முகமூடி போதும். வைசரில் பனி படிவதற்குக் கடையில் எத்தனையோ ஸ்பிரே விற்கிறார்கள். உள்பக்கம் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவி மென்மையான துணியால் துடைத்துவிட்டு, வைசரை ஒரு பல் திறந்து வைத்தால் நம் ஊர் மூடுபனிக்குச் சமாளிக்கலாம்.

இப்போது கைக்கு வருகிறேன். பணத்தைச் செலவு செய்ய வேண்டிய இடம் இது. மரத்துப்போன விரல் பிரேக்கைத் தாமதமாகப் பிடிக்கும். அதனால் கை விஷயம் சொகுசு இல்லை, பாதுகாப்பு.

ஹீட்டர் ஏன் வேண்டாம் என்றால், பொதுவாக அது முப்பதிலிருந்து ஐம்பது வாட் வரை இழுக்கும். சாதாரண ஹெட்லைட் பல்பு 35 வாட். அதாவது இன்னொரு ஹெட்லைட்டை எரியவிட்டபடி போவது போல. 125 சிசி வண்டி உற்பத்தி செய்யும் மின்சாரத்தில் மிச்சம் அவ்வளவு இருக்காது. விலை குறைந்த ஹீட்டரைச் சில கடைகளில் பேட்டரிக்கு நேராக வயர் இழுத்து மாட்டிவிடுவார்கள். அணைக்க மறந்து ஷிஃப்டுக்குள் போனால் திரும்பி வரும்போது பேட்டரி செத்திருக்கும். வண்டி வாரண்டியில் இருந்தால் வயரை வெட்டியதற்கே சர்வீஸ் சென்டரில் வாக்குவாதம் வரும். இது எல்லாம் போக, ஹீட்டர் சுடுவது உள்ளங்கையை. காற்று அடிப்பது புறங்கையில். 350 சிசி, அதற்கு மேல் என்றால் ரிலே, ஃபியூஸ் வைத்து இக்னிஷனோடு இணைத்துப் போடலாம், அப்போதும் காற்றை மறைத்த பிறகுதான்.

காற்றை மறைக்க ஹேண்ட் கார்டு. லீவருக்கு முன்னால் வரும் பிளாஸ்டிக் தடுப்பு. குறைந்த விலையில் கிடைக்கிறது, மதியம் கழற்ற வேண்டிய வேலையும் இல்லை. இன்னொன்று, ஹேண்டில் பாரோடு சேர்த்துக் கட்டி உள்ளே கையை நுழைத்துக்கொள்ளும் பை மாதிரியான கவர். வட இந்தியாவில் குளிர் காலத்தில் நிறையப் பேர் மாட்டியிருப்பார்கள். கதகதப்பில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: வேகம் எடுத்ததும் காற்று அந்தக் கவரை உள்ளே தள்ளி, கவர் பிரேக் லீவரை அழுத்தலாம். உங்களுக்குத் தெரியாமலே பிரேக் லைட் எரிந்துகொண்டு போவீர்கள். இண்டிகேட்டர் சுவிட்சும் கண்ணுக்குத் தெரியாது. மணிக்கட்டில் எலாஸ்டிக் இறுக்கமாக இருந்தால் அவசரத்துக்குக் கையை வெளியே எடுக்க முடியாது. தேசிய நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகும் உங்களுக்கு அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஹேண்ட் கார்டோடு நல்ல கிளவுஸ் ஒன்று. கடையில் போட்டுப் பார்க்கும்போது விரலை மடக்கி, வண்டியில் உட்கார்ந்து கிளட்ச் பிடித்துப் பாருங்கள். இறுக்கமான கிளவுஸ் ரத்த ஓட்டத்தைக் குறைத்து விரலை இன்னும் குளிரச் செய்யும், அதனால் அரை அளவு தளர்வாக எடுக்கலாம். மணிக்கட்டைத் தாண்டி வருகிற நீளம் முக்கியம்; சட்டைக் கைக்கும் கிளவுஸுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தாலே காற்று முழங்கை வரை ஏறிவிடும். ரொம்பக் குளிரும் நாளில் மருந்துக்கடையில் விற்கும் நைட்ரைல் கையுறையை உள்ளே மாட்டிக்கொள்ளுங்கள். வியர்க்கும், ஆனால் காற்று வராது.

பெரிய விண்ட்ஷீல்டு பற்றிக் கேட்கவில்லை, என்றாலும் யாராவது கடையில் தலையில் கட்டப் பார்ப்பார்கள். லேசான வண்டிக்கு உயரமான கண்ணாடி பாய்மரம்தான். மேம்பாலத்தில் பக்கக் காற்று, கூடவே ஒரு கண்டெய்னர் உங்களைத் தாண்டிப் போனால் வண்டி ஆடும். மீட்டருக்கு மேல் ஒரு சாண் வைசர் போதும். லெக் கார்டில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு போகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். காலுக்கு நல்லது, ஆனால் காற்றால் குளிரும் இன்ஜினுக்கு நல்லதல்ல. மதிய வெயிலில் அப்படியே விட்டால் இன்ஜின் வேகும். மழைக்கோட்டுப் பேண்ட் இருக்கும்போது அது தேவையே இல்லை.

சரி, சாமான்.

காவேரிப்பட்டணம், பாலக்கோடு பக்கம் பால்காரர்களின் வண்டியை நின்று கவனியுங்கள். கேன் இரண்டு பக்கமும் சமமாக, முடிந்தவரை கீழே, பின் சக்கர அச்சுக்குப் பக்கத்தில் தொங்கும். யாரும் கேனை கேரியர் நுனியில் உயர்த்திக் கட்டுவதில்லை. எடை அச்சுக்குப் பின்னால் போகப் போக முன்சக்கரம் லேசாகும், ஹேண்டில் உதறும். இதனால்தான் டாப் பாக்ஸ் செய்யும் கம்பெனிகள் உள்ளே மூன்றிலிருந்து ஐந்து கிலோவுக்கு மேல் வைக்காதே என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். அந்த ஸ்டிக்கரைப் படிக்கிறவர்கள் குறைவு.

ஆனால் உங்கள் தினசரிச் சாமான் என்ன? மழைக்கோட்டு, ஸ்வெட்டர், கிளவுஸ், டிபன் பாக்ஸ். இடத்தை அடைக்கும், எடை இருக்காது. அதற்கு டாப் பாக்ஸ்தான் சரி. முப்பது லிட்டர் போதும். பூட்டு இருப்பதால் கம்பெனி பார்க்கிங்கில் விட்டுவிட்டுப் போகலாம். சைடு பேக் என்றால் தினமும் கழற்றி மாட்ட வேண்டும், அல்லது உள்ளே இருப்பது போகும். டோல்கேட்டில் நமக்கு விட்டிருக்கும் குறுகிய வழியிலும் பை அகலமாக இருந்தால் இடிக்கும். டேங்க் பேக் காந்தத்தில் ஒட்டுவது, டேங்க் மேல் பிளாஸ்டிக் மூடி இருந்தால் ஒட்டாது, விட்டுவிடுங்கள்.

பாக்ஸைச் சீட்டுக்குப் பின்னால் உள்ள கேரியரில் மாட்டுங்கள், சீட்டின் மேல் வேண்டாம். 2020இல் வந்த மத்திய அரசு விதித் திருத்தப்படி, பின்னால் உட்காரும் இடத்தில் பெட்டி வைத்தால் ஓட்டுகிறவர் மட்டும்தான் போகலாம். பெட்டியின் அளவுக்கும் வரம்பு உண்டு: நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டர். முப்பது லிட்டர் பெட்டி இதற்குள் தாராளமாக அடங்கும். கேரியர் கம்பி மெலிதாக இருந்தால் வெல்டிங் பட்டறையில் பிளேட் ஒன்று செய்து போல்ட்டில் மாட்டுங்கள். சேஸில் நேராக வெல்டிங் வைக்க விடாதீர்கள். வண்டியில் வைத்தே ஏதாவது பற்றவைக்க வேண்டி வந்தால் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள், பிஎஸ்6 வண்டியின் இசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டியின் விலை உங்களுக்குத் தெரியும்.

தளிக்குப் போகும் நாள் கதை வேறு. மனைவி பின்னால், மாமியார் வீட்டிலிருந்து திரும்பும்போது ராகியும் காய்கறியும் நிச்சயம் ஏறும். அது கனமான சாமான், பாக்ஸில் போகக் கூடாது. அன்றைக்கு மட்டும் சீட்டுக்குக் குறுக்கே போடும் துணி சைடு பேக் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் ஒரே எடை. இடத்தை அடைக்கிறது என்று சாரி கார்டைக் கழற்றச் சொல்வார்கள், கழற்றாதீர்கள். பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. விதியை விடுங்கள், சேலை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்குவதற்கு விதியைப் பார்க்காது. வலது பக்கப் பை சைலன்சரைத் தொடாமல் இருக்கிறதா என்று ஆள் உட்கார்ந்த பிறகு பாருங்கள். காலியாக இருக்கும்போது தொடாது. சஸ்பென்ஷன் இறங்கியதும் தொடும்.

கட்டுவதற்கு டியூப் ரப்பர் நம் ஊரில் சும்மாவே கிடைக்கும், லேசான மூட்டைக்கு அதுவே போதும். இரும்புக் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு மட்டும் எனக்குப் பிடிக்காது. இழுத்து மாட்டும்போது கை நழுவினால் கொக்கி நேராகக் கண்ணுக்கு வரும். பக்கிள் வைத்த நைலான் பெல்ட் இரண்டு வாங்கி, மிச்ச நுனியைச் சுருட்டி முடிந்துவிடுங்கள். எனக்குத் தெரிந்தவர் ஒருவரின் வண்டியில் தொங்கிய பெல்ட் நுனி செயினில் சுற்றி, தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. தப்பித்தார், அவ்வளவுதான்.

பாரம் ஏற்றும் நாளில் செலவில்லாத மூன்று வேலை இருக்கிறது. பின் டயருக்கு ஆள் ஏறும்போது வைக்க வேண்டிய காற்று எவ்வளவு என்று வண்டியிலேயே ஒட்டியிருக்கும். டயர் சூடாவதற்கு முன் அந்த அளவு வையுங்கள். பின் ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங்கை இறுக்கும் பல்லை ஒன்றிரண்டு ஏற்றுங்கள். அப்புறம் ஹெட்லைட்டைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள், பின்பக்கம் தாழ்ந்தால் வெளிச்சம் மேலே போய் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், மூடுபனியில் உங்களுக்கும் வெள்ளைச் சுவர் மட்டும்தான் தெரியும். எவ்வளவு எடை தாங்கும் என்பது வண்டிப் புத்தகத்தில் இருக்கிறது. இந்த வகை வண்டிகள் பலவற்றில் இரண்டு ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 130, 150 கிலோ சுற்றளவில்தான். இருவர் எடையைக் கழித்தால் மிஞ்சுவது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு.

ஐயாயிரத்தில் ஹேண்ட் கார்டு, கிளவுஸ், பாக்ஸ், பிளேட் நான்கும் அடங்கிவிடும். துணி சைடு பேகை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

தளி பற்றி இன்னும் ஒன்று. இந்தக் குளிர் மாதங்களில் ராகி அறுவடை சமயம் தேன்கனிக்கோட்டை, ஜவளகிரிக் காட்டுப் பக்கம் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் வரும். மூடுபனியில் பத்தடிக்கு முன்னால் நிற்பது மரமா யானையா என்று எந்த ஃபாக் லைட்டும் காட்டாது. அன்றைக்கு மட்டும் நன்றாக விடிந்த பிறகு கிளம்புங்கள், திரும்பும்போதும் பொழுது சாய்வதற்குள் காட்டு ரோட்டைத் தாண்டிவிடுங்கள். மாமனார் இருந்து காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னால் மதியமே குடித்துவிடுங்கள்.