அரை ஆயுள் குறைவாக வருகிறதா? பிக்சலில் விழும் அயனிகளை எண்ணுங்கள்

கேள்வி: இருபுறமும் பட்டைகள் கொண்ட சிலிக்கான் டிடெக்டரில் அயனிகளைப் பதித்து பீட்டா சிதைவை அளக்கிறோம். பகுப்பாய்வைச் சரிபார்க்க நிக்கல்-78ஐ எடுத்தேன். 122 மில்லிவினாடி வர வேண்டிய அரை ஆயுள் 87க்கு அருகிலேயே நிற்கிறது. ஒவ்வொரு பீட்டாவையும் அதற்கு முன்பு கடைசியாக, அதே பிக்சலிலோ (இரு பட்டைகள் குறுக்கிடும் சதுரம்) சுற்றியுள்ள எட்டிலோ விழுந்த அயனியோடு இணைத்தேன். பிழை எங்கே?

பதில்: "கடைசியாக விழுந்த அயனி" என்ற விதியில்தான். நிக்கல்-78 சிதைவதற்குள் வேறொரு அயனி அங்கே விழுந்துவிட்டால், பீட்டா அந்தப் புது அயனியின் கணக்கில் சேர்ந்துவிடும். தாமதமாகச் சிதைபவையே இப்படி அதிகம் பறிபோகும்; வளைவு செங்குத்தாகச் சரியும்.

எவ்வளவு என்று பார்க்கலாம். நொடிக்கு 100 அயனிகள் 400 பிக்சல்களில் பரவுகின்றன என்று கொள்வோம். பிக்சலுக்கு 0.25, ஒன்பது பிக்சலுக்கு 2.25. நிக்கல்-78இன் சிதைவு மாறிலி (0.693ஐ அரை ஆயுளால் வகுத்தது) நொடிக்கு 5.68. நீங்கள் காண்பது இரண்டின் கூட்டுத்தொகை, 7.93, அதன் அரை ஆயுள் 87 மில்லிவினாடி! ஒரே பிக்சலுக்குச் சுருக்கினாலும் 117தான் வரும், பீட்டாக்களையும் இழப்பீர்கள்.

ஆகவே ஒரு பீட்டாவுக்கு முந்தைய 1.2 நொடியில், அதாவது சுமார் பத்து அரை ஆயுளில், அந்த ஒன்பது பிக்சல்களில் விழுந்த எல்லா நிக்கல்-78 அயனிகளோடும் இணையுங்கள். தவறான இணைப்புகள் கூடும். ஆனால் அவை தட்டையான பின்னணியாக அமையும். அதன் உயரத்தை, அயனிக்கு முன்பே வந்த பீட்டாக்களை அதே முறையில் இணைத்து அறியலாம். பீம் துடிப்புகளாக வரும் சிங்க்ரோட்ரான் முடுக்கியில் இந்தப் பின்னணி தட்டையாக இராது. அங்கே கண்ணை மூடிக்கொண்டு கழித்துவிடாதீர்கள்.

இதைத் திருத்தியதும் மதிப்பு 122ஐத் தாண்டி ஏறினால் சந்ததி அணுக்கருக்களைப் பாருங்கள். தாமிரம்-78இன் அரை ஆயுள் சுமார் 330 மில்லிவினாடி. தாயோடு அது எளிதில் கலந்துவிடும் என்பதால், ஃபிட்டில் (வளைவைத் தரவோடு பொருத்துவதில்) அதன் மதிப்பை நிலையாக வையுங்கள். நியூட்ரான் உமிழ்ந்து தாமிரம்-77க்குப் போகும் கிளையையும் சேர்க்க வேண்டும். இன்னொரு சந்தேகத்துக்குரிய ஆள், ஒரு எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்ட, இரண்டு மூன்று நியூட்ரான் குறைந்த நிக்கல். அயனியை அடையாளம் காணப் பயன்படும் நிறை–மின்னூட்ட விகிதம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றேதான், ஆயுளோ நீளம். விகிதத்துக்கான வரம்பை இறுக்கும்போது அரை ஆயுள் குறைந்துகொண்டே போனால் கலப்படம் இருக்கிறது.

அயனி பதியும்போது முன்பெருக்கி (டிடெக்டரின் சிறு குறிகையைப் பெரிதாக்கும் மின்சுற்று) செறிவடைந்து சிறிது நேரம் குருடாகும். அந்தத் தொடக்க மில்லிவினாடிகளை ஃபிட்டில் விட்டுவிடலாம்; அடுக்குக்குறிச் சரிவு எங்கே தொடங்கினாலும் அதன் சாய்வு ஒன்றே. எண்ணிக்கை சில நூறுக்குள் இருந்தால் கை-வர்க்க ஃபிட் வேண்டாம், நிகழ்வுகளைத் தொகுக்காமல் பெரும நிகழ்தகவு முறையில் பொருத்துங்கள்.